துடுப்பு தட்டும் இடம்

மொரோசெகார்,
4 பிப்ரவரி 2002

இபு பலுபி அம்மா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் கவிதையைத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் செமாராங் நகரத்துப் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வந்ததே, 'படகில் போகிறேன்', அதை எழுதிய ஜுமியாத்துன் நான்தான். நண்டு உடைக்கும் கொட்டகையில் வேலை. அந்தக் கவிதையைப் பற்றி நீங்கள் பல்கலைக்கழக இதழில் பதினெட்டுப் பக்கம் எழுதியிருப்பதாக எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் கொண்டுவந்து காட்டினார். கவிதை பதினோரு வரிதான். மனசு நிறைந்துவிட்டது.

படகு என்பது நினைவு, துடுப்பு என்பது நாக்கு, தண்ணீர் என்பது மறதி என்று சொல்லியிருக்கிறீர்கள். வாத்தியார் அதை உரக்கப் படித்தபோது என் வீட்டுக்காரர் மஸ்துக்கி, "அப்ப நான் மாசாமாசம் தார் பூசுறது நினைவுக்கா?" என்று கேட்டார். கொட்டகையே சிரித்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். "கவிஞர் பாடும் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை; அது அவர் மனத்துக்குள் கட்டிய ஊர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இபு, எங்கள் ஊர் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு வீடு இருந்தது, இப்போது நாற்பத்தொன்று. என் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும். துடுப்பை இறக்கினால் தலைமாட்டில் நட்ட மீசான் கல்லில் தட்டும். அங்கே நிறுத்தி யாசீன் ஓதிவிட்டு வருவேன். உள்ளதைத்தான் எழுதினேன். அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்திப் போட்டால் போதும்.

ஜுமியாத்துன்

•

யோக்யகர்த்தா,
17 பிப்ரவரி 2002

அன்புள்ள ஜுமியாத்துன் அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். உங்களைத் தேடி அந்தப் பத்திரிகைக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. ஊரைப் பற்றிய குறிப்புக்கு நான் பார்த்தது எங்கள் நூலகத்தில் இருக்கும் 1999ஆம் ஆண்டு நில அளவைத் தாள். அதில் நீங்கள் சொல்லும் இடத்தில் கடல்தான் போட்டிருக்கிறது.

ஒன்று சொல்ல அனுமதியுங்கள். கல்லறை உண்மையாகவே நீருக்குள் போயிருக்கலாம். அதனால் என் வாசிப்பு தவறாகிவிடாது. அறிதல்சார் மொழியியல் என்று நாங்கள் சொல்லும் துறையின் அடிப்படையே இதுதான்: உருவகம் என்பது கவிஞர்கள் ஒட்டவைக்கும் ஜிகினா அல்ல. மனிதர் எல்லோரும் அதைக் கொண்டுதான் நினைக்கிறோம். உங்கள் கடிதத்திலேயே "மனசு நிறைந்துவிட்டது" என்கிறீர்கள். மனசு என்ன குடமா, நிறைவதற்கு? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கைக்கு அகப்படும் ஒன்றை வைத்துப் பிடித்துக்கொள்கிறோம். துக்கத்தை நீராக, உடம்பை வீடாக, சாவைப் பயணமாக. உங்களுக்குத் தெரியாமலேயே உங்கள் வரிகளில் இந்த மூன்றும் இருக்கின்றன:

அம்மாவைப் புதைத்த இடத்துக்கு
இப்போது படகில் போகிறேன்.
துடுப்பு எங்கே தட்டுகிறதோ
அங்கே நின்று கூப்பிடுகிறேன்.

நீங்கள் ஓதுவதாகக் கடிதத்தில் சொல்கிறீர்கள். கவிதையில் "கூப்பிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைத் தட்டுபவர்தான் கூப்பிடுவார். இது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

எழுதியவரின் கையை விட்டுப் போன பிறகு கவிதை வாசகருடையதும் ஆகிவிடுகிறது. திருத்தம் பற்றி இதழாசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன். புதிய கவிதைகள் இருந்தால் அனுப்புங்கள்.

பலுபி

•

மொரோசெகார்,
9 மார்ச் 2002

இபு பலுபி அவர்களுக்கு,

புதுக் கவிதை ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

திருத்தம் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் கடிதத்திலேயே அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். காரியம் ஆகப் புகழ்கிறாள் என்று நினைப்பீர்களே என்றுதான். எங்கள் ஊருக்கு மேற்கே கடலை மண்போட்டுத் தூர்த்து 1993இல் தொழிற்பேட்டை கட்டினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் பக்கம் தண்ணீர் ஏறியது. ஊர்க்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம். முழுத் தீர்ப்பு வர வருஷக்கணக்கு ஆகுமாம். அதுவரைக்கும் உடைந்து கிடக்கும் கரையையாவது கம்பெனி அடைத்துக் கொடுக்க இடைக்கால உத்தரவு கேட்டோம். கம்பெனி என்ன சொல்கிறது என்றால், 1998இல் நாங்களே இறால் குட்டை வெட்டினோமாம், அதனால்தான் 1999இல் முதல்முறையாகத் தண்ணீர் வந்ததாம்.

அதற்கு முன்னாலேயே வந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு காகிதம் கிடையாது. ஊர் அலுவலகத்துப் பதிவேடெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. தேதி அச்சடித்த ஒரே காகிதம் என் கவிதை வந்த பத்திரிகைதான். 1995 நவம்பர். எங்கள் வக்கீல் நுக்ரோஹோ அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனார்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனி வக்கீல் எழுந்து, "ஐயா, இந்தக் கவிதையப் பத்தி வெளிநாட்டுல படிச்ச டாக்டர் ஒருத்தங்க ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க" என்று உங்கள் இதழை நீட்டினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். தண்ணீர் மறதி. படகு நினைவு. ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை.

என்னைக் கூண்டில் ஏற்றி, "அம்மா, உங்க கவிதையில வர்ற தண்ணி ஈரமா இருக்குமா, காய்ஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. நீதிபதி கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார்.

நான், "ஈரந்தாங்க. இந்தா பாருங்க, பாவாடை விளிம்பு இன்னும் காயல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். 

கவிதை என் கையை விட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அங்கிருந்து அது யார் கைக்குப் போனது என்று பாருங்கள்.

ஏப்ரல் 16 அடுத்த விசாரணை. நீங்கள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார் நுக்ரோஹோ. 'நான் அந்த ஊரைப் பார்க்கவில்லை. தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவில்லை.' அவ்வளவுதான். வர முடியாவிட்டால் அதையே எழுதி அனுப்புங்கள்.

ஜுமியாத்துன்

•

யோக்யகர்த்தா,
25 மார்ச் 2002

அன்புள்ள ஜுமியாத்துன்,

உங்களுக்கு நேர்ந்த அவமானத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். அந்த வக்கீல் என் கட்டுரையைத் திரித்திருக்கிறார். 'தண்ணீர் மறதி' என்று சொன்னால் தண்ணீர் இல்லை என்று பொருளாகாது. என் முதலாண்டு மாணவர்கூட அந்தத் தவறைச் செய்யமாட்டார்.

ஏப்ரல் 16 அன்று எனக்கு இங்கே தவறவிட முடியாத தேர்வுக்குழுக் கூட்டம். கட்டாயம் எழுதி அனுப்புகிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் அதே வாசகத்தில் எழுத முடியுமா என்று யோசிக்கிறேன். ஆய்வாளர் தன் ஆய்வைப் பற்றி நீதிமன்றத்தில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டும். எங்கள் துறைத்தலைவரிடமும் கலந்து பேச வேண்டியிருக்கிறது. என் நிலைமை இப்போது கொஞ்சம் நுட்பமானது. அதை விரிவாக எழுத இயலவில்லை.

உங்களுக்குத் தீங்கு வரும்படி எதையும் எழுதமாட்டேன்.

பலுபி

•

மொரோசெகார்,
24 ஏப்ரல் 2002

இபு,

உங்கள் கடிதம் நீதிமன்றத்துக்கு வந்தது. நல்ல தாள், பல்கலைக்கழக முத்திரை. மூன்று பக்கம். நுக்ரோஹோ மூன்றாவது பக்கத்துக்கு வரும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டார்.

"இக்கவிதையை நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் வாசிக்க இடமுண்டு, இரண்டில் எது என்று மொழியியல் மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது."

நீதிபதி அதை இரண்டு தடவை படித்தார். "எழுதின டாக்டரம்மாவுக்கே தெரியலைங்கிறாங்க, நான் என்ன பண்றது?" என்றார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே எங்களைப் பார்த்துக் கேட்டார்.

கவிதையைச் சாட்சியமாக ஏற்கவில்லை. இடைக்கால உத்தரவு கிடையாது. கரை உடைந்தபடியே கிடக்கிறது.

நான் உங்களிடம் பொய் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்பதைப் பார்க்கவில்லை என்று சொல்லக் கேட்டேன்.

ஜுமியாத்துன்

•

யோக்யகர்த்தா,
6 மே 2002

அன்புள்ள ஜுமியாத்துன்,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முழு வழக்கு இன்னும் நடக்கிறதல்லவா? ஏதாவது செய்யலாம். எழுதுங்கள்.

பலுபி

•

யோக்யகர்த்தா,
10 ஜூன் 2002

ஜுமியாத்துன்,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று மட்டுமாவது தெரிவியுங்கள்.

பலுபி

•

மொரோசெகார்,
2 ஜூலை 2002

இபு பலுபி அவர்களுக்கு,

கடிதம் இரண்டும் கிடைத்தன.

என் வீட்டுக்காரர் மஸ்துக்கி ஜூன் 13 வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் இறந்துபோனார். அன்றைக்குப் பெரிய கடலேற்றம். உடைந்த கரை வழியாக வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாக வந்தது. நான் கொட்டகையில் இருந்தேன். அவர் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு ஸைனாப் அக்கா ஜன்னல் வழியே பார்த்து, "ஐயோ தொடாதீங்க, மெயினை அமத்துங்க!" என்று கத்தியிருக்கிறாள். அவருக்குக் கேட்கவில்லை. காது கொஞ்சம் மந்தம்.

மின்சாரத்தை நிறுத்துகிற வரைக்கும் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. இறங்க முடியாது. இருபது நிமிஷம் அவர் அங்கேயே மிதந்தார்.

கல்லறை நிலம் இல்லாததால் அவரைக் கடலை விட்டுத் தள்ளி இருக்கும் அவர் தம்பி ஊரில் அடக்கம் செய்தோம். துக்கத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, அவர் கரை சேந்துட்டார்னு நினைச்சுக்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இபு. வாய்விட்டுச் சிரித்தேன். எந்தக் கரை? அதைத்தானே அடைத்துக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனோம்? பெண்கள் என்னைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துவிட்டார்கள்.

வருஷக்கணக்கு ஆகும் என்ற முழு வழக்கையும் ஆதாரம் இல்லை என்று போன வாரமே தள்ளுபடி செய்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்கிறார் நுக்ரோஹோ. நான் செமாராங்கில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். விலாசம் எழுதவில்லை.

ஜுமியாத்துன்

•

யோக்யகர்த்தா,
19 ஆகஸ்ட் 2002
(வக்கீல் நுக்ரோஹோ மூலம்)

ஜுமியாத்துன்,

இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் அது உங்கள் நியாயம்.

போன சனிக்கிழமை மொரோசெகார் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் விடுவது எனக்குக் கேட்கிறது. பஸ்ஸில் நாலு மணி நேரம்தான். ஆறு வருஷம் உங்கள் கவிதையை வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

ஊர் எல்லையில் மூங்கில் பாலம் முடிகிற இடத்தில் ஓர் அம்மாள் படகில் கருவாட்டுக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டைக் கேட்டேன். பெயர் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோக்யா டாக்டரம்மாவா நீங்க? தண்ணியே இல்லன்னு எழுதினவங்களா?"

நான் அப்படி எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நான்தான்" என்றேன்.

"செருப்பக் கையில எடுத்துக்குங்க. சேலையத் தூக்கிக்குங்க. இல்லாத தண்ணி நனைச்சிரப் போவுது" என்றார். அவர்தான் ஸைனாப் அக்கா என்று பிறகு தெரிந்தது. திட்டிக்கொண்டேதான் படகில் ஏற்றிக்கொண்டார். திரும்பும்போது சோயாத் தெம்பே பொரியலும் சோறும் வாழையிலையில் மடித்துக் கையில் கொடுத்தார். "பட்டினியா போயி இன்னும் எதையாவது எழுதித் தொலைக்கப் போறீங்க."

உங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே போனதும் தலை இடித்தது. மூன்று முறை மண் கொட்டித் தரையை உயர்த்தினார் உங்கள் கணவர் என்றார் ஸைனாப் அக்கா. ஒவ்வொரு தடவை தரை ஏறும்போதும் கூரை இறங்குகிறது. ஜன்னல் என் முழங்காலுக்கு நேரே இருந்தது. அந்த வீட்டுக்குள் யாராலும் நிமிர்ந்து நிற்க முடியாது. இருபது வருஷமாக மாணவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்து வருகிறேன்: உலகத்தில் எல்லா மொழியிலும் மேலே போவது நல்லது, கீழே போவது கெட்டது, உயர்வு, தாழ்வு, தலைநிமிர்வு, தலைகுனிவு, காரணம் உடம்பு, நிற்கும் உடம்பு. உங்கள் வீட்டில் குனிந்து நின்றபோது, எந்த உடம்பை வைத்து அதைச் சொன்னேன் என்று யோசித்தேன். என்னுடையதை வைத்துத்தான்.

மோட்டார் இருந்த இடத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

மார்ச்சில் உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். என் பேராசிரியர் பதவிக் கோப்பு அப்போது மேலிடத்தில் இருந்தது. அதில் முதன்மையான கட்டுரை உங்கள் கவிதையைப் பற்றியது. பார்க்காத ஊரைப் பற்றி எழுதினேன் என்று முத்திரைத் தாளில் ஒப்புக்கொண்டால் கோப்பு திரும்பிவிடும் என்று துறைத்தலைவர் சொன்னார். "ரெண்டுக்கும் இடமிருக்குன்னு எழுதுங்க, யாருக்கும் நஷ்டமில்ல" என்றதும் அவர்தான். ஆனால் கையெழுத்து என்னுடையது. மே மாதம் பதவி கிடைத்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிவிட்டேன். மேல்முறையீட்டில் நேரில் வந்து சொல்கிறேன். நுக்ரோஹோவிடம் தேதி கேட்டிருக்கிறேன். நீங்கள் என்னோடு பேச வேண்டாம். வருவேன்.

பலுபி

•

செமாராங்,
15 டிசம்பர் 2002

இபு பலுபி அவர்களுக்கு,

தீர்ப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நானே எழுத வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு நீதிமன்ற வாசலில் நீங்கள் கையை நீட்டியபோது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது உங்கள் மனதில் கிடந்து அரிக்கும்.

நீங்கள் கூண்டில் நின்றதைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி வக்கீல் இரண்டு காகிதத்தையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, "டாக்டரம்மா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார்.

"அன்னிக்குச் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதினேன்."

"ஒருத்தர் செத்துப்போனதால மனசு இளகி மாத்திச் சொல்றீங்க, இல்லையா?"

"ஒருத்தர் சாகாம இருந்திருந்தா நான் போய்ப் பாத்திருக்க மாட்டேன். அது நிஜம்" என்றீர்கள்.

நுக்ரோஹோ தலையில் கைவைத்துக்கொண்டார். அங்கேயே வழக்கு போய்விட்டது என்று எனக்கும் தெரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். நீங்கள் சொல்லவில்லை. தன் கருத்தைத் தானே மாற்றும் நிபுணரின் இரண்டு கூற்றையும் ஏற்க முடியாது என்று நீதிபதிகள் எழுதிவிட்டார்கள். உங்கள் கட்டுரையும் போனது. உங்கள் சாட்சியமும் போனது. என் கவிதையும் போனது. இனிமேல் சட்டப்படி மொரோசெகாரில் 1999வரைக்கும் தண்ணீர் வரவில்லை.

பேராசிரியர் பதவி பற்றி விசாரணை வைத்திருப்பதாக நுக்ரோஹோ சொன்னார். அதில் எனக்கு சந்தோஷம் இல்லை. வருத்தமும் இல்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். 'கூப்பிடுகிறேன்' என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். முதல் தடவை துடுப்பு கல்லில் தட்டியபோது, உள்ளேயிருந்து அம்மா கதவைத் திறப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஓதவில்லை. "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன். படகில் கூட இருந்த மஸ்துக்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு சொல்லை வைத்து அவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரரிடம்கூடப் பேசாமல் நான் வைத்திருந்த இடம் வரைக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை. மனசுக்குள் அவ்வளவு தூரம் வரத் தெரிந்தவருக்கு, பஸ் ஏறி வாசல் வரைக்கும் வரத் தெரியவில்லையே.

நீங்கள் கெட்டவர் இல்லை. மன்னிக்க முயற்சி செய்தேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன் என்று சொல்லவும் மாட்டேன்.

மொரோசெகாரில் இப்போது பதினேழு வீடுதான். ஸைனாப் அக்காவும் போன மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஒரு தையல் கடையில் பட்டன் வைக்கிறேன். நண்டு நாற்றம் கையை விட்டுப் போய்விட்டது. சில நேரம் தேடுகிறேன்.

புதுக் கவிதை இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். ஒன்று எழுதியிருக்கிறேன், மஸ்துக்கியைப் பற்றி. அவர் தெம்பேயை மிளகாய்ச் சம்பலில் தோய்த்துத் தின்னும்போது மூக்கைச் சிந்துவதும், சொன்னது காதில் விழாவிட்டாலும் விழுந்த மாதிரி தலையாட்டுவதும் அதில் இருக்கின்றன. இருபத்திரண்டு வரி வந்திருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. அச்சுக்குக் கொடுக்கமாட்டேன்.

உங்களுக்கும் அனுப்பமாட்டேன்.

ஜுமியாத்துன்